பேசக் கூடாத ஒரு மணி நேரம்

கடையிலிருந்து,
திங்கள் மதியம்

அன்புள்ள குட்டிக்கு,

அத்தான் எழுதுவது. உறையின் மூலையில் கண்ணாடிக் கடை முத்திரையைப் பார்த்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தும் பிரித்தாயே, அதற்கு முதலில் நன்றி. உடனே பிரிக்காமல் நாலு நாள் மேசை மேல் போட்டு வைத்திருந்து, துணி மடிக்கிற நேரத்தில் எரிச்சலோடு பிரித்திருந்தாலும் சரிதான். கோபத்தில் நீ உன் அக்காவுக்குச் சளைத்தவள் இல்லை என்பது எனக்குத் தெரியாதா?

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. உன் பழைய எண்ணுக்கு அடித்தால் உபயோகத்தில் இல்லை என்கிறது. புது எண்ணை நீ எங்களுக்குத் தரவில்லை. நீ கடைசியாக அனுப்பிய பார்சலின் அட்டையில் இருந்த விலாசம் ஒன்றுதான் என்னிடம் மிச்சம். அதற்குள் நீங்கள் வீடு மாறியிருந்தால், யாரோ ஒருவர் இதைக் கையில் வைத்துக்கொண்டு தலையைச் சொறிவார். இது உன் அக்காவுக்குத் தெரியாமல் எழுதுவது. கண்ணுக்குப் பவர் பார்க்க ஆள் வந்தால் பேனாவை மூடிவிட்டு எழுந்து போக வேண்டியிருக்கும். அங்கங்கே தொடர்ச்சி விட்டுப்போனால் பொறுத்துக்கொள்.

விஷயத்துக்கு வருகிறேன். ஆறு வருடம் முன்பு புற்றுநோய் என்று உன் அக்காவுக்குக் கழுத்தைத் திறந்து தைராய்டை முழுதாக எடுத்தபோது நீதான் ஆஸ்பத்திரியில் அவளோடு இருந்தாய். குரலுக்குப் போகிற இரண்டு நரம்பில் ஒன்று அப்போது அடிபட்டதும், மணி மாதிரி இருந்த குரல் கரகரத்துப் போனதும் உனக்குத் தெரிந்ததுதான். எந்த பஸ் எந்த நடைமேடை என்று பஸ் நிலையம் முழுக்க மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தவளை விசாரணைக் கவுண்டருக்கு மாற்றினார்கள். அதற்கும் அவள் சந்தோஷப்பட்டாள். மைக்குக்குத் தலையாட்டத் தெரியாது, கவுண்டருக்கு வருகிறவர்களுக்குத் தெரியுமே என்றாள். பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்க வருகிறவர் தன் மருமகள் கதை வரைக்கும் சொல்லி முடித்துவிட்டு, அந்த பஸ்ஸைத் தவறவிட்டுத்தான் போவார்.

வருடா வருடம் ரத்தப் பரிசோதனை செய்கிறோம். தைராய்டு மட்டுமே சுரக்கிற ஒரு பொருள் இருக்கிறதாம். தைராய்டையே எடுத்துவிட்ட உடம்பில் அது இருக்கக் கூடாது. இந்த வருடம் இருந்தது. காலி செய்து பூட்டிய வீட்டுக்குள் விளக்கு எரிகிற மாதிரி. யாரோ உள்ளே உட்கார்ந்திருக்கிறார்கள், எந்த அறையில் என்றுதான் தெரியவில்லை.

தேட ஆரம்பித்தார்கள். கழுத்தில் ஜெல்லைத் தடவி அல்ட்ராசவுண்ட் எடுத்தார்கள். பழைய தையலின் தழும்பு உள்ளே மேடும் பள்ளமுமாக இருப்பதால் ஒன்றும் தெளிவாக இல்லை. பிறகு அயோடின் கொடுத்து உடம்பு முழுவதும் ஒரு படம். அதற்காக வழக்கமான உப்பை நிறுத்தி, பாலையும் முட்டையையும் நிறுத்தி, இரண்டு வாரம் வாய்க்கு விளங்காத சாப்பாடு. நானும் அதையே சாப்பிட்டேன். ‘உங்களுக்கு எதுக்கு இந்தத் தலையெழுத்து’ என்று கேட்டாள். தனியாகச் சமைக்க எனக்குச் சோம்பல் என்றேன். அந்தப் படத்திலும் ஒன்றும் இல்லை. கடைசியாகத்தான் பெட் ஸ்கேன் என்றார்கள்.

சர்க்கரைத் தண்ணீரில் கதிர்வீச்சைக் கலந்த மாதிரி ஒரு ஊசி. உடம்பில் எது அதிகமாக வேலை செய்கிறதோ அது அந்தச் சர்க்கரையைத் தின்னும். தின்ற இடம் படத்தில் ஒளிரும். அதனால் ஊசி போட்ட பிறகு ஒரு மணி நேரம் அசையாமல் இருக்க வேண்டும். நடந்தால் கால் தசை ஒளிரும். பேசினால் தொண்டை ஒளிரும். ஸ்கேன் எடுக்கிற பெண் இதை விளக்கிச் சொல்லி, ஒரு வார்த்தை கூடப் பேசக் கூடாது என்றாள். நான் உன் அக்காவைப் பார்த்தேன். உன் அக்கா கூரையைப் பார்த்தாள். ‘வேற எதாவது டெஸ்ட் இருக்காம்மா?’ என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. உன் அக்காவை அவளுக்குத் தெரியாது.

உள்ளே என்னை விடவில்லை. நடந்ததை உன் அக்காவே பிறகு சொன்னாள். நீளமான அறை, சாய்வு நாற்காலிகள், நடுநடுவே பச்சைத் திரை. இவளுக்குப் பக்கத்துத் திரைக்குப் பின்னால் ஒரு பெண் விசும்பி விசும்பி அழுதுகொண்டிருந்தாளாம். குரலை வைத்துப் பார்த்தால் சின்ன வயதாம். கொஞ்ச நேரம் இவள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறாள். பிறகு திரைக்கு இந்தப் பக்கமிருந்தே, பேர் கேட்டு, ஊர் கேட்டு, எத்தனை பிள்ளை என்று கேட்டு, கவுண்டரில் நடந்த வேடிக்கையெல்லாம் சொல்லி, அந்தப் பெண்ணைச் சிரிக்க வைத்திருக்கிறாள். ஒரு மணி நேரமும் இதுதான். ‘பக்கத்துல ஒருத்தி அழறா, நான் வாயை மூடிட்டு உக்காந்திருக்க என்ன கல்லா?’ என்று என்னிடம் நியாயம் வேறு.

படத்தில் தொண்டை ஒளிர்ந்தது. டாக்டரம்மா எங்களைக் கம்ப்யூட்டர் திரைக்கு அருகில் கூப்பிட்டுக் காட்டினார். சாம்பல் நிறத்தில் உன் அக்காவின் உருவம். மூளை பளிச்சென்று இருந்தது, அது எல்லாருக்கும் அப்படித்தானாம். கழுத்தில் ஒரு பக்கம் மட்டும் ஆரஞ்சு நிறப் பொட்டு. ‘ஊசி போட்டப்புறம் பேசினீங்களா?’ என்று கேட்டார். கொஞ்சமும் கூசாமல் ‘இல்லையே’ என்றாள் உன் அக்கா. நான் தொண்டையைச் செருமினேன். ஸ்கேன் எடுத்த பெண், ‘ரெண்டு தடவை வந்து சொன்னேன் மேடம், கேக்கவே இல்ல’ என்று போட்டுக்கொடுத்துவிட்டாள்.

டாக்டரம்மா கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகம் மாறியது, ஆனால் கோபம் இல்லை. ஒரு பக்க நரம்பு அடிபட்டுக் கிடப்பதால் மறு பக்கம் இரண்டு பேர் வேலையைச் செய்கிறது, பேசப் பேச அது ஒளிர்வது சகஜம் என்றார். இது நோயாகவும் இருக்கலாம், வெறும் பேச்சாகவும் இருக்கலாம், இந்தப் படத்தை வைத்து அடித்துச் சொல்ல முடியாது, ஒன்றரை மாதம் கழித்து இன்னொரு தடவை எடுக்கலாம் என்றார். ‘அடுத்த தடவை தயவுசெஞ்சு பேசாதீங்க’ என்று கையைக் கூப்பினார்.

குட்டி, இதுவரை எழுதியது சேதி. இனிமேல் எழுதப்போவதற்காகத்தான் இந்தக் கடிதமே.

பழையதைக் கிளறுகிறேன் என்று நினைக்காதே. உன் வயிற்றில் தங்காமல் போன பிள்ளையைப் பற்றி அக்காவை நம்பிச் சொன்னாய். அவள் கவுண்டரில் உட்கார்ந்து யாரோ ஒருத்தியிடம் அதைச் சொல்லி அழுதாள். அது தப்பு. அந்த ஒருத்தி உன் மாமியாருக்குச் சொந்தமாக இருந்து, உன் வீட்டில் நீயே வாயைத் திறக்குமுன் ஊருக்கே தெரிந்து போனது. நீ போனில் கத்தியது எனக்கும் கேட்டது. ‘உன் வாய்க்குத்தான் உனக்குத் தொண்டையில வந்துச்சு’ என்றாய். அதற்குப் பிறகு மூன்று வருடமாக நீயும் பேசவில்லை, அவளும் பேசவில்லை. யார் பக்கமும் நான் பேசவில்லை. நான் பேசாததில் ஆச்சரியமில்லை, எனக்கு அது பிறவிக் குணம்.

அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வந்தாள். திடீரென்று சிரித்தாள். ‘குட்டி சொன்னது பலிக்கட்டுங்க. எல்லாத்துக்கும் என் வாய்தான் காரணமா இருக்கட்டும்’ என்றாள்.

மூன்று வருடத்தில் உன் பேரை அவள் வாயில் கேட்டது அன்றைக்குத்தான். எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன். முடிந்தால் கடை விலாசத்துக்கு ஒரு வரி போடு.

உன் நலம் விரும்பும்,
அத்தான்


கடையிலிருந்து,
வெள்ளி காலை

அன்புக் குட்டிக்கு,

உன் பதில் வந்தது. நாலே வரி. தபால்காரர் நீட்டியதும் கண்ணாடி துடைக்கிற துணியால் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினேன். நாலு வரியை நாற்பது தடவை படித்தேன் என்று சொன்னால் மிகை. ஆனால் மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். உன் வீட்டுக்காரருக்கு வேலை மாறியது நல்ல சேதி. உனக்கு முதுகு வலி என்று எழுதியிருக்கிறாய். உட்கார்ந்தே வேலை பார்க்கிறாய், நடுவில் எழுந்து நட.

கடைசி வரியில், ‘நான் சொன்னதை அக்கா மறந்திருக்க மாட்டா, நான் பேசினா அவ பேசுவாளா?’ என்று கேட்டிருக்கிறாய். மறக்கவில்லைதான். பொய் சொல்லி உன்னைச் சமாதானப்படுத்த எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன். எங்கள் வீட்டு போன் அந்தப் பழைய போன்தான். பாதி நேரம் கொரகொரக்கும். மாற்றிவிடலாம் என்று நான் சொல்லும்போதெல்லாம், எண் மாறிவிடும் என்று தடுத்துவிடுகிறாள். யாருக்குத் தெரிய வேண்டிய எண் என்று நான் கேட்டதில்லை.

இங்கே இப்போது பெரிய கூத்து நடக்கிறது. அடுத்த ஸ்கேனுக்காக உன் அக்கா பேசாமல் இருக்கப் பழகுகிறாள். அவளாகவே தொடங்கியது. சாயந்திரம் வந்ததும் முகம் கழுவிக்கொண்டு, சமையலறை ஸ்டூலில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து உட்கார்ந்துவிடுவாள். முதல் நாள் கால் மணி நேரம் தாங்கவில்லை. குழாய் சொட்டுகிறது என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டாள். இரண்டாம் நாள் கையாலேயே பேசினாள். அடுப்பை அணைக்கச் சொல்கிறாள் என்று நான் அணைத்தேன். அவள் சொன்னது பால் பொங்குகிறது, பாத்திரத்தை இறக்கு என்று. இறக்கவில்லை, வழிந்தது. அதற்கு அவள் திட்டிய திட்டில் அரை மணி நேரப் பயிற்சி வீணாய்ப் போயிற்று.

இப்போது ஒரு மணி நேரம் இருந்துவிடுகிறாள். அதில் கஷ்டப்படுவது நான்தான். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் நான் அமைதியைப் பார்த்ததில்லை. குழாய் சத்தம் கேட்கிறது. மாடி வீட்டுக்காரர் இருமுவது கேட்கிறது. நேற்று அந்த ஒரு மணி நேரத்தில் என்னையும் அறியாமல் நான் பேச ஆரம்பித்துவிட்டேன். கடைக்கு வந்த கிழவர் ஒருவரின் கதையைச் சொன்னேன். சுவரில் மாட்டியிருக்கிற எழுத்து அட்டையைப் படிக்கச் சொன்னால் கடைசி வரி வரைக்கும் கடகடவென்று ஒப்பித்தார். சந்தேகப்பட்டு அட்டையைத் திருப்பி வைத்தேன். வெறும் வெள்ளைப் பக்கத்தைப் பார்த்தும் அதே எழுத்துகளை ஒப்பித்தார். வண்டி ஓட்ட விடமாட்டார்கள் என்ற பயத்தில் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருக்கிறார். உன் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சத்தம் வராமல் சிரிக்க இப்போது பழகிவிட்டாள்.

நேரம் முடிந்ததும் முதலில் என்ன சொன்னாள் தெரியுமா? ‘இத்தன வருஷமா எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க இந்தப் பேச்ச?’ என்றாள். அப்புறம் வேறொன்று சொன்னாள். அதைத்தான் உனக்கு எழுத வேண்டும்.

நீ பேசத் தாமதமான பிள்ளை. மூன்று வயது முடிந்தும் ஒரு வார்த்தை வரவில்லை. உன் அம்மா பயந்து எல்லா டாக்டரிடமும் தூக்கிக்கொண்டு அலைந்தார். அதுவும் உன் அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவள் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். தங்கச்சி பேச மாட்டேன் என்கிறாளே என்று காலையில் பல் தேய்ப்பதிலிருந்து ராத்திரி தூங்கும் வரை உன் முகத்துக்கு நேராக உட்கார்ந்து பேசிக்கொண்டே இருப்பாளாம். வீட்டில் எல்லாரும் அவளைப் பார்த்து ‘சும்மாரு, சும்மாரு’ என்று அதட்டுவார்களாம். ஒருநாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் இவள் ஏதோ கதை அளந்துகொண்டிருக்கும்போது, நீ அவள் வாயில் கையை வைத்து ‘சும்மாரு’ என்றாயாம். அம்மா இல்லை, அப்பா இல்லை. நீ பேசிய முதல் வார்த்தை அது. வீடே ஓடி வந்ததாம். உன்னைத் தூக்கிக்கொண்டு இவள் தெருவெல்லாம் சுற்றி, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் உன்னை அதைச் சொல்ல வைத்தாளாம்.

இதை இவ்வளவு வருடத்தில் என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறாள். நேற்று சொன்னபோதுதான் நடுவில் நிறுத்தினாள். ‘அவளப் பேச வச்சதே நான்தான். எனக்கு நல்லா வேணும்’ என்றாள். கோபமா, பெருமையா என்று எனக்குப் புரியவில்லை. அவளுக்கே புரிந்ததா என்றும் தெரியவில்லை.

ஸ்கேன் வருகிற செவ்வாய். நம்பிக்கையாக இருக்கிறோம். பேச்சுதான் ஒளிர்ந்தது, வேறொன்றும் இல்லை என்றே எனக்கும் தோன்றுகிறது. பஸ் நிலையத்தில் அவளோடு வேலை பார்க்கிறவர்கள் கூட, ‘ஸ்கேன் மெஷினயே குழப்பின ஒரே ஆள் நீதான்’ என்று கேலி செய்கிறார்களாம். அதை வந்து சொல்லிச் சிரிக்கிறாள். நீ அவளுக்கு நேராக ஒரு கடிதம் எழுதினால் தேவலை. அவசரமில்லை. முடிவு நல்லபடியாக வந்த பிறகு, அந்தச் சந்தோஷத்தோடு எழுது. சந்தோஷமான நேரத்தில் எல்லாம் சுலபமாக இருக்கும்.

அன்புடன்,
அத்தான்


கடையிலிருந்து,
சனிக்கிழமை

அன்புக் குட்டி,

கடைக் கதவைப் பாதி இறக்கி வைத்துவிட்டு எழுதுகிறேன். உன் பதிலுக்காக நான் காத்திருக்கவில்லை. இந்தத் தடவை சாதாரணத் தபாலில் போடாமல் கூரியரில் அனுப்புகிறேன்.

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில், ஊசிக்குக் கூப்பிடுமுன் வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். கழிப்பறை எந்தப் பக்கம் என்று உன் அக்கா காவலாளியிடம் கேட்டாள். எதிர் பெஞ்சில் ஒரு இளம் பெண் விருட்டென்று எழுந்து வந்தாள். ‘அக்கா, நீங்கதானே? திரைக்கு அந்தப் பக்கம் பேசினது நீங்கதானே?’ என்றாள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே இல்லை. அந்தக் கரகரத்த குரலை வைத்துக் கண்டுபிடித்திருக்கிறாள். அவளுடைய படத்தில் ஒன்றும் இல்லையாம், சுத்தமாக வந்துவிட்டதாம். ரிப்போர்ட் வாங்க வந்திருக்கிறாள். உன் அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. உன் அக்கா பெற்ற மகளைப் பார்க்கிற மாதிரி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ‘நல்ல சகுனம்ங்க’ என்று என்னிடம் சொல்லிவிட்டு உள்ளே போனாள். 

ஒரு வார்த்தை பேசவில்லை. ஸ்கேன் எடுக்கிற பெண் வெளியே வந்து என்னிடம் அதைச் சொன்னாள். கண்ணை மூடிக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை போல ஒரு மணி நேரமும் அப்படியே இருந்தாளாம். இந்தத் தடவை அந்தப் பெண் சிரித்தாள். நானும் சிரித்தேன். நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன், குட்டி. மனதார நினைத்தேன்.

வியாழக்கிழமை ரிப்போர்ட். டாக்டரம்மா இரண்டு படத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். முதல் படத்தில் கழுத்தில் பெரிதாக இருந்த ஆரஞ்சு நிறம் இரண்டாவதில் காணவில்லை. போய்விட்டது. அவ்வளவும் பேச்சுதான். ஆனால் அது விலகிய இடத்தில், அதற்குப் பின்னால், சின்னதாக, உருண்டையாக ஒன்று இருந்தது. முதல் தடவை பேச்சின் வெளிச்சத்தில் மறைந்திருந்தது. அவள் வாயை மூடிக்கொண்டதும் அது தனியாகத் தெரிந்தது.

கண்ணைப் பரிசோதிக்கிறவன் நான். எழுத்தைப் பார்க்காமல் மனப்பாடமாக ஒப்பிக்கிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே, டாக்டரம்மா, அதுவும் பேச்சாக இருக்குமா என்று கேட்டேன். அவர் படத்திலிருந்து என் பக்கம் திரும்பி, ‘இல்லைங்க, அம்மா இந்தத் தடவை பேசவே இல்லையே’ என்றார். அவ்வளவு மென்மையாகச் சொன்னார். வெள்ளைப் பக்கத்தைப் பார்த்து எழுத்தை ஒப்பித்த அந்தக் கிழவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

அன்றைக்கே அல்ட்ராசவுண்டில் அந்த இடத்தைக் குறிபார்த்து ஊசி விட்டு எடுத்துப் பார்த்தார்கள். நேற்று காலை கூப்பிட்டுச் சொன்னார்கள். அதேதான். திரும்ப வந்திருக்கிறது.

எடுத்துவிட வேண்டுமாம். எடுத்தால் பிழைத்துக்கொள்வாள், அதில் டாக்டர்களுக்குச் சந்தேகமில்லை. ஆனால் அது உட்கார்ந்திருக்கிற இடம் மிச்சமிருக்கிற ஒற்றைக் குரல் நரம்பின் மேல். ஒட்டாமல் இருந்தால் நரம்பைக் காப்பாற்றிவிடலாம். ஒட்டியிருந்தால் நரம்பையும் சேர்த்து எடுத்துத்தான் ஆக வேண்டும். அப்படி எடுத்தால் குரல் போய்விடும். மூச்சுக்குக் கழுத்தில் துளை போட வேண்டி வரும். படத்தைப் பார்த்தால் ஒட்டியிருக்கிற மாதிரிதான் தெரிகிறது என்று ஆபரேஷன் செய்யப்போகிற டாக்டர் சொன்னார். ஒளிவு மறைவு இல்லாமல் சொல்கிற மனிதர். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் அலைகிறேன்.

உன் அக்கா அங்கே அழவில்லை. கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் எல்லாம் போட்டாள். வெளியே வந்து படியில் உட்கார்ந்தாள். ‘குட்டிகிட்ட யாராவது சொல்லுங்க, என் வாய் காரணமில்லன்னு’ என்றாள். வழக்கில் ஜெயித்தவள் மாதிரி தலையை நிமிர்த்திச் சொன்னாள். சொல்லி முடித்ததும் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அப்படி அழுதாள். போகிற வருகிறவர்கள் பார்த்துக்கொண்டு போனார்கள். நானும் அழுதேன். எதற்கு மறைக்க வேண்டும்?

நீயும் நானும் எழுதிக்கொள்வது அவளுக்குத் தெரியுமோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. உன் நாலு வரி இருந்த சட்டையை அவள்தான் துவைக்கப் போட்டாள். கடிதம் மட்டும் நனையாமல் மேசை மேல் இருந்தது. என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவளிடம் ஒன்றைச் சொல்லாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். அவள் ஒன்றைச் சொல்லாமல் இருந்தால் அது அவளுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் பேசவில்லை. ஸ்கேன் முடிந்துவிட்டது, இனி யாரும் அவளைப் பேசக் கூடாது என்று சொல்லவில்லை. ஆனாலும் அதே ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாள். என்னம்மா இது என்று கேட்டதற்கு, ‘இனிமே இப்படித்தானே. பழகிக்கிறேன்’ என்றாள். அதைச் சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தாள். நேற்று முழுவதும் நான்தான் பேசினேன். கடையில் நடந்தது, நடக்காதது எல்லாம் சொன்னேன். என்னிடம் இருக்கிற கதைகள் தீர்ந்துவிட்டன, குட்டி. ஒரு மணி நேரத்துக்கு மேல் என்னிடம் சரக்கு இல்லை. அவளுக்குக் கதை சொல்ல நான் போதாது.

ஆபரேஷன் வருகிற வியாழனுக்கு அடுத்த வியாழன். கூரியர்காரர் இது நாலைந்து நாளில் உன் கைக்கு வந்துவிடும் என்கிறார். அது போக, சில நாள்தான் மிச்சம். நல்லபடியாக முடிந்த பிறகு எழுது என்று போன கடிதத்தில் நான் எழுதியதை அடித்துவிடு. நீ வர முடியுமா என்று கேட்க மாட்டேன். விடுமுறை, டிக்கெட், உன் முதுகு எல்லாம் எனக்கும் தெரியும். போன் செய். எண் அதேதான். அவள் சாயந்திரம் முகம் கழுவிக்கொண்டு அந்த ஸ்டூலில் உட்கார்கிற நேரத்துக்குச் செய். நான் எடுக்க மாட்டேன், எத்தனை தடவை அடித்தாலும் எடுக்க மாட்டேன். அவள்தான் எழுந்து வந்து எடுக்க வேண்டும்.

மன்னிப்பு கேட்க வேண்டும் என்று நினைத்து வார்த்தை தேடிக்கொண்டு நாளைக் கடத்தாதே. அவளும் உன்னிடம் கேட்க வேண்டியது இருக்கிறது, அவளுக்கும் வார்த்தை கிடைக்காது. குழாய் சொட்டுகிறதா என்று கேள். பால் வழிந்ததா என்று கேள். நான் எழுதியதாகவே சொல்லிக் கேள். அவள் பேச ஆரம்பித்துவிடுவாள். முதலில் தயங்குவாள், பிறகு உன் காது வலிக்கிற வரைக்கும் பேசுவாள். அந்தக் கரகரத்த குரலில், மூன்று வருடக் கதையை ஒன்று விடாமல் சொல்லுவாள். கேட்டுக்கொண்டே இரு.

நடுவில் எங்காவது ஒரு இடத்தில், உனக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது, ‘சும்மாரு’ என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிடு. உன் வாயால் அதைக் கேட்கத்தான் அவள் அந்த போனை மாற்றவிடாமல் வைத்திருக்கிறாள். வியாழனுக்குப் பிறகு அவளிடம் அந்த வார்த்தையைச் சொல்ல யாருக்கும் வேலை இல்லாமல் போகலாம்.

நீயும் உன் வீட்டுக்காரரும் குறைவில்லாமல் நல்லபடியாக இருக்க வேண்டும்.

உன் போனுக்குக் காத்திருக்கும்,
அத்தான்